மலைக்குப் பின்னால் போன புதன்

பணி ஓய்வுக்கு முந்தைய வருடம் சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் சூரியன் மறைந்ததும் மேற்கே புதன் கிரகம் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று செல்போன் ஆப் சொன்னது. உற்சாகம் தாங்காமல் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவிட்டேன்.

மகேஸ்வரியை அழைத்துப்போக வந்த அவள் அப்பாவும் நின்றார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க ஆசை. அவர் காமர்ஸ் என்று பிடிவாதமாக இருந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க மிஸ்" என்று என்னிடம் அழுதிருந்தாள். ஆகவே அன்று புதன் வந்தே ஆகவேண்டும்.

வரவில்லை. வானம் சுத்தமாக இருந்தது, ஆனால் மேற்கே மலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இருட்டிவிட்டது. கொசு மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது.

"என்ன டீச்சர், உங்க கிரகம் இன்னைக்கு லீவா?" என்றார் அவர். "கண்ணுக்குத் தெரியாததப் படிச்சு இவ என்னத்தச் செய்யப் போறா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் குன்று மேல ஏறிப் பார்ப்போம்" என்றேன்.

"ஏற வேண்டாம் மிஸ், பின்னால போவோம்" என்றாள் மகேஸ்வரி. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடைய ஒட்டி நின்னா கோபுரம் தெரியாது. எதிர்ப்பக்கம் தள்ளிப் போனா கடைக்கு மேல தெரியும்லா? கிழக்க சோழபுரத்துக்குப் போனா மலை தணிஞ்சிரும்."

அப்பா அவளையே பார்த்தார். "சரி, நாளைக்குப் போவோம். அங்கயும் தெரியலைன்னா காமர்ஸ்தான். பொறவு அழக்கூடாது."

அவள் சொன்னது சரியான இயற்பியல். மலை பக்கத்தில் இருக்கிறது, தள்ளிப்போனால் அதன் ஏற்றக்கோணம் குறையும். புதன் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாம் சோழபுரம் போவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவு தெரிந்தும் மறுநாள் அவர்கள் பைக்குக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போகும்போது மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சோழபுரம் தாண்டி வயல் வரப்பில் நின்றோம். மலை அடங்கிக் கிடந்தது. வெளிச்சம் வடிந்துகொண்டே போனது. முதலில் கண்டது மகேஸ்வரியின் அப்பாதான்.

"ஏட்டி, அந்தா!"

மலைக்கு மேலே சின்னதாக ஒரு புள்ளி. பட்டாளத்துக் கண், லேசில் தப்பாது.

பிறகு மகளிடம், "இது எம்புட்டுத் தூரம் இருக்கும்?" என்றார்.

"மிஸ்ஸக் கேளுங்கப்பா."

"அவிய எதுக்கு? நீதான படிக்கப் போற, நீ சொல்லு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் புதன் மலைக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் அதைச் சரியாகப் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆப் காட்டுவது தட்டையான அடிவானத்துக்கான நேரம். நமக்கு மேற்கே மலை இருக்கிறது. பிள்ளைகளை நிறுத்துவதற்கு முன்னால் மலையை விட்டுத் தள்ளி ஓர் இடம் பாருங்கள். முடிந்தால் அப்பாமார்களையும் கூட்டிப் போங்கள்.