தரைப்பலகை ஓட்டையில் தெரிந்த மூவார்

மலாயாவின் மூவார் ஊரில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான எங்கள் கடைவீட்டின் மேல்மாடித் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. கதவைத் தட்டுவது திருடனா விருந்தாளியா என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ள, கட்டும்போதே விட்ட ஓட்டை. உள்ளங்கை அகலம், அதற்கு ஒரு பலகை மூடி. நேர் கீழே, கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதை. யாராவது நேரங்கெட்ட நேரத்தில் வந்தால் மட்டும் மூடியைத் திறக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் இறங்குவதில்லை. அதற்காக நாள் முழுக்கச் சுவரையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

ஓட்டை வழியாகப் பார்த்தால் ஊரே வேறு. ஒருவருக்கும் முகம் கிடையாது. தொப்பியும் கொண்டையும் தலைச்சுமைக் கூடையும்தான். எங்கள் கடையில் விற்கும் காகிதக்குடையை யாராவது விரித்துப் பார்த்தால், அது குடையாகவே தெரியாது. வட்டம் ஒன்று, அதன் நடுவிலிருந்து ஓடும் கோடுகள், அவ்வளவுதான். கிழக்கு பார்த்த கடை என்பதால் காலை வெயில் அஞ்சடிக்குள் சாய்வாக இறங்கும். அப்போது தூணில் சாத்திய சைக்கிளை மேலிருந்து பார்த்தால் ஒற்றைக் கோடு; ஆனால் தரையில் விழுந்த நிழலில் சக்கரம், கம்பி, மணி எல்லாம் அப்படியே இருக்கும். சைக்கிளைவிட நிழல் அழகு என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்கியது. என் வீட்டுக்காரரும் கூடவே தலைதூக்கி, சிங்கப்பூர் போய் ஒரு பெட்டிக் கேமரா வாங்கி வந்தார். கடை வாசலில் கூட்டாளிகளை வரிசையாக நிறுத்தி, ஏதோ பட்டாளத்தை நடத்துபவர் மாதிரி அதட்டி அதட்டி எடுத்தார். சப்பான்காரர் படக்கடையில் கழுவிப் பார்த்தால் அத்தனை பேருக்கும் கழுத்தோடு சரி. அடுத்த பிலிம் சுருளில் பாதி எடுத்ததுமே அவருக்கு மனசு விட்டுப்போனது.

“இது நமக்கு ஒத்துவராது புள்ள. அடுத்த வாரம் சிங்கப்பூர் போறப்ப என் தம்பிகிட்ட குடுத்துடுறேன்” என்றார்.

எனக்குப் பகீரென்றது. அந்தப் பெட்டியை நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன்மேல் எனக்குக் கண். நகை கேட்காதவள், புடவை கேட்காதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள், கேமரா வேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்?

கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கடை திறக்கப் போனதும் பெட்டியை எடுத்து, கண்ணாடி கீழ்நோக்கி இருக்க ஓட்டையின்மேல் கவிழ்த்து வைத்தேன். ஒரு சங்கடம் என்னவென்றால், பெட்டியை வைத்துவிட்டால் கீழே நடப்பது எனக்குத் தெரியாது. முதலில் கண்ணால் பார்த்து, பிறகு கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்து, ஒரு குருட்டு நம்பிக்கையில் விசையைத் தட்ட வேண்டும். குடையை எடுத்தேன். சைக்கிள் நிழலை எடுத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூடைகளை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

தம்பிக்குக் கொடுக்குமுன் சுருளை வெளியே எடுத்துவிடலாம் என்று அவரே அதைப் படக்கடைக்குக் கொண்டுபோனார். படங்கள் கைக்கு வந்த காலையில் நான் ஓட்டையோடு ஒட்டிக்கிடந்தேன். அவர் அஞ்சடிப் பெஞ்சில் படங்களைப் பரப்பினார். பக்கத்துக் காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயும், கைலி வாங்க வந்த மலாய் வாத்தியாரும் குனிந்தார்கள்.

“என்னா இது? சப்பான்காரன் வேற யாரோட படத்தையோ சேத்துக் குடுத்துட்டானா?” என்றார் என் வீட்டுக்காரர்.

குடையைப் பார்த்து வியந்த வாத்தியார், “அலமாக்! கடல்ல உள்ள பூவா?” என்றார். கூடைகளைக் கிணறு என்றார்கள். சைக்கிள் நிழலைப் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசிப் படத்தைத் தவுக்கே கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

“முட்டைலா! நல்ல பெரிய முட்டை.”

அது அவருடைய வழுக்கைத் தலை.

நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். பலிக்கவில்லை. சிரிப்பு ஓட்டை வழியே கொட்டிவிட்டது. கீழே மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு தவுக்கேயின் தலையைப் பார்த்தார். அடுத்து படிக்கட்டில் அவருடைய காலடிச் சத்தம்.

தொலைந்தது, கேமரா இன்றைக்கே கிளம்பிவிடும் என்று நினைத்தேன். பெட்டியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இதெல்லாம் நீ எடுத்தியா?”

தலையாட்டினேன்.

“இதுலேர்ந்தா?”

மறுபடி தலையாட்டினேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவ்வளவு பெரிய உடம்போடு தரையில் குப்புறப் படுத்து, ஓட்டையில் கண்ணை வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கீழே யாரோ, “மொதலாளி! கடையில ஆளில்லையா?” என்று கூப்பிட்டார்கள்.

“இருங்க, வர்றேன்!” என்று தரைக்குள்ளேயே கத்தினார். வரவில்லை. பலகாரம் விற்பவள் தலையில் தட்டோடு கீழே போயிருக்க வேண்டும், திடீரென்று, “புள்ள, புள்ள! பெட்டிய எடு, சீக்கிரம்!” என்றார்.

“பிலிம் இல்லையே.”

“அடடா, போயிருச்சே!” என்று எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் பலகையின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது. என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அதை வாங்கக் கை நீட்டவில்லை.

“அடுத்த வாரம் சிங்கப்பூர் போறேன்ல,” என்றார். “எத்தன சுருள் வாங்கியாரட்டும்?”

வாழ்க்கையில் முதல்முறையாக நான் கூச்சப்படாமல் கேட்டேன்.

“நெறைய.”