என் பெயரில் வந்தவள்

பதினொரு வருடம் நான் ஓட்டுப் போடவில்லை. இதை அப்போதெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் தேர்தல் பேச்சு வந்தால், “ரெண்டு பேரும் ஒண்ணுதான், யாருக்குப் போட்டா என்ன?” என்று ஆரம்பித்துவைப்பதே நானாகத்தான் இருக்கும். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப் பேச எனக்குக் காரணம் இல்லாமலில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, திருமணமாகி, ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினோம். குடிவந்தபோது எங்கள் தெருவில் கால்வாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஆட்சி மாறியதும் அந்தப் பள்ளத்தை மூடினார்கள். பிறகு அதே இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். இரண்டு முறையும் மழைத் தண்ணீர் எங்கள் பார்க்கிங்கில்தான் நின்றது. போதுமென்று விட்டுவிட்டேன். தேர்தல் நாள் எனக்கு ஒரு விடுமுறை. தாமதமாக எழுந்து, பூரி சுட்டு, ஏதாவது படம் பார்க்கும் நாள்.

எங்கள் கேட்டை ஒட்டி ஓர் அக்கா மாவுக்கடை வைத்திருந்தார். இட்லி மாவு, அடை மாவு, சனிக்கிழமைகளில் ஆப்ப மாவு. ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் குடியிருக்கும் இடம் முழுக்க அவர் மாமனார் வீட்டு நிலம். கத்திரியும் கீரையும் போட்டிருந்தார்களாம். விற்றுவிட்டு, மிச்சமிருந்த துண்டில் வீடும் கடையுமாக இருந்தார்கள். கணவர் இறந்துவிட்டார். கணவரின் தம்பி பக்கத்திலேயே டூவீலர் மெக்கானிக். அக்கா ஒரு கட்சி, கொழுந்தன் எதிர்க்கட்சி. கிரைண்டர் சத்தத்துக்கு மேல் இரண்டு பேரும் கத்திச் சண்டை போடுவார்கள். பிறகு அக்கா வீட்டிலிருந்து கொழுந்தனுக்குச் சாப்பாடு போகும். தேர்தல் நாளில் இரண்டு பேரும் தத்தம் கட்சியின் ஏஜெண்டாக வாக்குச்சாவடிக்குள் உட்காருவார்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்கா என்னைக் கேட்பார். “இன்னாமா, இந்த தபாவாச்சும் வருவியா?”

“இல்லக்கா. ரெண்டும் ஒண்ணுதானே?”

“எனக்குத்தான் போடணும்னு சொல்லல. வந்து யாருக்குனா குத்திட்டுப் போ.”

நான் சிரித்துக்கொண்டே மாவைக் கவரில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கடந்த சட்டமன்றத் தேர்தல் அன்று கணவர் பெங்களூரில் இருந்தார். நான் பத்து மணிக்கு மேல் எழுந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மெக்கானிக் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, சட்டையில் ஏஜெண்ட் அட்டை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், நீங்க ஊட்லயா கீறீங்க?”

“ஏண்ணே?”

“அங்க பூத்துல நீங்க வந்துகீறீங்க.”

எனக்குப் புரியவில்லை. அவர் கைகளை ஆட்டிக்கொண்டு மறுபடி சொன்னார். “உங்க பேர்ல ஒரு பொண்ணு வந்து நிக்குது மேடம். ஆபீசரு பேரப் படிச்சாரு. அண்ணி எழுந்து, இது அவங்க இல்லன்னு புடிச்சுக்கிச்சு. உங்கள இட்டாரச் சொல்லிச்சு. சீக்கிரம் வாங்க.”

நைட்டி மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை அலமாரியில் தேடி எடுத்து, அவர் வண்டியின் பின்னால் ஏறினேன். ஏதோ பெயர்க் குழப்பமாக இருக்கும், போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறை. கரும்பலகையில் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. வரிசையை நிறுத்திவைத்திருந்தார்கள். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், என் வயது இருக்கும், ஒல்லியான ஒரு பெண். நீலச் சுடிதார். கையில் ஒரு வாக்காளர் அட்டை. தலைமை அதிகாரி அதை வாங்கி என்னிடம் நீட்டினார். அட்டையில் என் பெயர். என் வயது. என் கணவர் பெயர். என் வீட்டு எண். படம் மட்டும் அவளுடையது.

“நீங்க யாரும்மா?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் போலக் கேட்டது.

அவர் அவளைப் பார்த்தார். “கணவர் பேரு?”

அவள் தயங்காமல் சொன்னாள். என் கணவரின் பெயரை, இனிஷியலோடு. வீட்டு எண்ணைக் கேட்டார், சொன்னாள். எந்த மாடி என்று கேட்டார். “மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு எதிர்த்தாப்ல.”

முன்பின் பார்த்திராத ஒருத்தி, என் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறாள். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ அவளை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் என் அட்டையை நீட்டினேன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“சார், தப்பா ஒண்ணும் பண்ணல சார்,” என்றாள். “இந்த மேடம் எப்பவும் வரவே மாட்டாங்களாம். வீணாப் போற ஓட்டு, யார் போட்டா என்னன்னு கூட்டிட்டு வந்தவங்க சொன்னாங்க.”

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அவர்கள் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ‘யார் போட்டா என்ன.’ அது கிட்டத்தட்ட என் வாக்கியம். சாப்பாட்டு மேசையில் நான் சொல்லிச் சிரிக்கவைத்தது.

“உன் சொந்த ஓட்டு எங்கம்மா?” என்றார் அதிகாரி.

“எனக்கு ஓட்டு இல்ல சார். அம்பத்தூர் எஸ்டேட்ல பேக்கிங் வேலை. வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கோம். அட்டை எடுக்கல.”

“இதுக்கு முன்னாடி போட்டிருக்கியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் பெயரில் ஒரு முறைகூட ஓட்டுப் போடாதவள், மற்றவர்கள் பெயரில் போட்டிருக்கிறாள். நான் குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“யாரு இட்டாந்தது உன்ன?” என்று அக்கா கேட்டார்.

அவள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே ஓர் ஆட்டோ. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன். அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் அக்காவின் கட்சி. வட்டத்தில் முக்கியமான ஆள். அதே வாரம் மாவுக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தவன்.

மெக்கானிக் கையைத் தட்டினார். “பாத்தியா அண்ணி, உங்க ஆளுங்கதான்! சார், எழுதிக்கோங்க சார், எந்தக் கட்சின்னு எழுதிக்கோங்க!”

தலைமை அதிகாரிக்கு வரிசை நகர வேண்டும் என்பதே கவலை. என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “மேடம், உங்க ஓட்டு பத்திரமாத்தான் இருக்கு. நீங்க போட்டுட்டுப் போங்க. இந்தப் பொண்ண அனுப்பிடலாம். எதுக்கு ஸ்டேஷன், கேஸு?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் சரி என்று பட்டது. போலீஸ் என்றதும் வேலை, பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கண்முன் வந்துபோயின. அக்காவும் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அவருடைய கட்சிதானே.

அக்கா மேசைக்கு வந்தார். “ஆட்சேபணை நாந்தான் பண்ணேன். பேப்பரக் குடு சார். நான் கையெழுத்துப் போடறேன்.”

“அக்கா, உங்க கட்சி ஆளு,” என்றேன்.

“தெரியுது. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிக்கினே கெடந்தியே. ஆமா, கள்ள ஓட்டு போடறதுல ஒண்ணுதான். அதுக்குத்தான் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து இங்க வந்து உக்காந்துகினு கீறேன். நீ இன்னா பண்ணே, தூங்கிக்கினு கீறே.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினார். நானும் புகார் எழுதினேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஓட்டுப் போட்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவைக் காணவில்லை.

அன்று மாலைக்குள் அக்காவுக்குக் கட்சியிலிருந்து போன் வந்துவிட்டது. இனி பூத் பக்கம் வர வேண்டாமாம். மறுநாள் கட்சிக்காரர்கள் வீட்டில் யாரும் மாவு வாங்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவி, ‘அரசியல்னாலே இப்படித்தான்’ என்று ஒருவர் போட, வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் விழுந்தன. நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். கடைசியில் மாவுக்கடைக்கு இறங்கிப் போனேன்.

“அக்கா, போன தடவையும் என் பேர்ல யாராச்சும் போட்டிருப்பாங்களா?”

அக்கா கையைக் கழுவிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். முந்தின தேர்தலில் யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று அதிகாரிகள் குறித்த வாக்காளர் பட்டியலின் நகல். கட்சி அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். கட்டிய நூலைக்கூட அவர் பிரித்திருக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்களின் பெயருக்குக் கீழே கோடு இழுத்திருக்கும்.

பக்கங்களைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தேன். கோடு இருந்தது. நான் வீட்டில் பூரி சுட்டுக்கொண்டிருந்த நாள் அது.

எங்கள் அடுக்குமாடியில் ஊரைவிட்டுப் போனவர்கள், அமெரிக்காவில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தோம். கோடு, கோடு. அடுத்த பக்கம் அக்காவின் தெரு. அவர் விரல் வேகமாக இறங்கி ஒரு பெயரில் நின்றது. எடுக்கவில்லை.

“இன்னாக்கா?”

“எங்க ஊட்டுக்காரரு,” என்றார்.

அவர் இறந்தது அந்தத் தேர்தலுக்கு வெகுகாலம் முன்பு. பட்டியலில் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே கோடும் இருந்தது.

அக்கா அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், அழியுமா என்பதுபோல. பிறகு பட்டறைப் பக்கம் திரும்பிக் கொழுந்தனைக் கூப்பிட்டார். அவர் கிரீஸ் கையோடு வந்தார்.

“போன தபா நான் பக்கத்து ரூம்ல உக்காந்தேன். இந்த லிஸ்ட்டு ரூம்ல நீதான?”

“ஆமா அண்ணி.”

“உங்க அண்ணன் பேரப் படிச்சாங்களா?”

மெக்கானிக் பட்டியலைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கையை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உன் காதுல உழுந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“உழுந்துச்சு அண்ணி.” குரல் உள்ளே போய்விட்டது. “எங்க ஆளுதான் வந்தான். உங்க கட்சி ஏஜெண்டும் இருந்தான். உங்களது நாங்க கண்டுக்கல, எங்களது நீங்க கண்டுக்காதீங்கன்னு பேசிக்கினாங்க. நான் குனிஞ்சுகினு இருந்துட்டேன்.”

முந்தின நாள் கை தட்டிய அதே மனிதர். இத்தனை வருடம் நான் சொல்லிவந்தது சரிதான் என்று கண்ணெதிரே நிரூபணமாகியிருந்தது. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. அப்படியொரு பேரம் நடந்த அறைக்குள், அது நடக்கக் கூடாது என்று எழுந்து நிற்க ஓர் ஆள் இல்லாமல் போனதே என்றுதான் தோன்றியது. அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கலாம்.

அக்கா பட்டியலை மூடிவைத்தார். பிறகு என்னிடம் சொன்னார். “என் மேலயும் தப்பு கீதும்மா. பேர எடுக்கறதுக்கு ஃபாரம் குடுத்தாங்க. அதுல எறந்துட்டாருன்னு எழுதணும். எழுத மனசு வரல. லிஸ்ட்லயாச்சும் இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

மறுநாளே பெயர் நீக்கும் படிவத்தை நான் செல்போனில் தேடி, காலையிலேயே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். மாவுக்கடை மேசையில் வைத்து நிரப்பினோம். காரணம் என்ற இடத்தில் நான் எழுதப் போனேன். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். ‘இறப்பு’ என்று அவரே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. கீழே கையெழுத்து.

பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். “நீ எடுத்துக்கினு போய்க் குடு. யாரு, எவருன்னு கேட்டா, எங்க அண்ணன்னு உன் வாயால சொல்லு.”

மெக்கானிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். பூந்தமல்லியில் தாலுகா அலுவலகத்துக்குப் போனவர், மெட்ரோ வேலை நடக்கும் சாலையின் புழுதியெல்லாம் தலையில் ஏற மதியத்துக்கு மேல்தான் திரும்பினார். ஒப்புகைச் சீட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அக்கா அதைப் படித்துப் பார்த்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“சாப்டியா?” என்று கேட்டார்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். அக்கா உள்ளே போனார். அடுத்த படிவங்களுக்காக நான் ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்களை ஒரு தனித்தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்.