சானமாவில் வெடித்த பட்டாசு

இன்று சாயங்காலம் எங்கள் கம்பெனி பஸ் சானமாவு காட்டோரம் நின்றுவிட்டது. ராகிக் கொல்லையில் யானை இறங்கிவிட்டதாம்.

பக்கத்து சீட்டில் ராஜினி. இலங்கையிலிருந்து படகில் வந்து, இங்கே அகதி முகாமில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள். கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் இப்போதுதான் சேர்ந்தாள்.

யானையை விரட்ட ஊர்க்காரர்கள் பட்டாசு கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே அவள் என் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கி, என்மேல் கவிழ்ந்துகொண்டாள். என் டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. பஸ்ஸே சிரித்தது.

எனக்கு மானமே போய்விட்டது. "யானைய தொரத்தறாங்க, அதுக்குப் போயி இப்டியா? லூசா நீ?" என்று கத்திவிட்டேன்.

இந்த ரூட்டில் வெடிச் சத்தம் கேட்கும் என்று அவளிடம் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. தினமும் பக்கத்தில் உட்காரும் நானும்தான்.

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்கட தலை ஜன்னலுக்கு நேர இருந்தது" என்றாள்.

நாளைக்கும் அதே பஸ், அதே சீட். யானை வந்தால் என்ன செய்வது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாளைக் காலையில் இவளிடம் என்ன பேசுவது என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.