இரட்டையில் பிறந்த கிடாரி

பசு மேல் லயத்து வரிசை வீட்டு அக்காவுடையது. பங்குக்கு வளர்த்தது நான். முதல் ஈற்றுக் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்ப்பவருக்கு என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். அந்தப் பசுவோ முதல் ஈற்றிலேயே ஒரு காளை, ஒரு கிடாரி என்று இரட்டைக் கன்று போட்டது. "ஆளுக்கு ஒன்னு. நீயே மொதல்ல எடுத்துக்க புள்ள" என்றார் அக்கா. அவர் சொல்லி முடிப்பதற்குள் கிடாரியின் கழுத்தில் கை வைத்துவிட்டேன். ஆசைப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

நாலு மாதம் கழித்துப் பூச்சி மருந்து கொடுக்க வந்த மாட்டு டாக்டர், "கூடப் பொறந்தது காளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் யோசனையாகிவிட்டார். தாய் வயிற்றுக்குள் இரண்டின் இரத்தமும் கலந்திருந்தால் கிடாரிக்குக் கருப்பை சரியாக வளராது, பெரும்பாலும் மலடுதான், தப்புவது அபூர்வம் என்றார். கிடாரியிடம் இரத்தம் எடுத்தார். அதில் காளையின் மரபணு கலந்திருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொல்ல மூன்று வாரம் ஆகுமாம்.

சொந்தமாக ஒரு பால் மாடு என்று எத்தனை வருஷம் புல் சுமந்திருக்கிறேன். மலட்டு மாட்டுக்குப் போக்கிடம் இறைச்சிக்கடைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கை கொழுந்து எடுக்கும், மனசு மாட்டுத் தொழுவத்தில் நிற்கும்.

இரண்டாவது வாரம் அக்கா வந்தார். மகளைக் கந்தப்பளையில் கட்டிக்கொடுக்கிறார், சீரோடு ஒரு கிடாரியும் அனுப்ப ஆசை. "காளைய நீ வச்சுக்க. கிடாரிய எனக்குத் தாறியா?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஒங்களுக்கு இல்லாததா அக்கா, ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டாக்டர் போன் செய்தார். மலடுதான். முதலில் எனக்கு வந்தது நிம்மதி; அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் அக்காவின் மகள் நினைவுக்கு வந்தாள். புதுப்பெண்ணோடு வந்த மாடு சினை பிடிக்காவிட்டால் மாமியார் வீட்டில் பேச்சு அந்தப் பிள்ளையின் மேல்தான் வரும்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும்போது, இரத்தம் எடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். கிடாரியை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன், காளையைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டுகிறேன் என்றேன்.

அக்கா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தார். "நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா, சேந்து அழுதிருப்பேன் புள்ள" என்றார்.

பத்து வருஷமாக நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துச் செடி நெரையில்தான் கொழுந்து எடுத்தோம். அன்றைக்கு அக்கா கங்காணியிடம் போய் வேறு நெரை கேட்டு வாங்கிக்கொண்டார்.