கடதாசி துளைக்கும் சன்னம்

மான் இறைச்சிக்குப் பங்கு எழுதியவர்களின் பட்டியல் அத்தானின் சட்டைப் பையில் இருந்தது. பதினான்கு வீடு. மானோ அப்போது எங்கோ வடக்கே காட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு கிடாயைப் பார்த்து வைத்து, வேண்டியவர்களின் பெயரை எழுதி, அடித்த பிறகு ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் விழும்படி பங்கு போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். கண்ணால் காணாத மானுக்குப் பங்கு எழுதிய முதல் ஆள் என் அக்காவின் கணவராகத்தான் இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தேன். அக்காவும் அத்தானும் ரெக்ஸ்டேலில் பேஸ்மென்ற் உள்ள வீடு ஒன்று வாங்கியிருந்தார்கள். அத்தானோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடமிருந்து அத்தானுக்கு அந்தப் பைத்தியம் தொற்றியது. வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார், கடைசியில் ஒரு பழைய துவக்கும் வாங்கினார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்த ஆட்கள் அதை இங்கே தேடிப் போய் வாங்குவதா என்று அக்கா ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அந்த வீட்டுக்குள் ஒரு நல்ல பிள்ளை மாதிரி நுழைந்தேன். பெயின்ற் செய்யும் இடம் ஒன்றில் நிறத்தூள் நிறுப்பது என் வேலை. ஒரு சிட்டிகை கூடினால் வெள்ளை மஞ்சளாகிவிடும் என்று பயந்து பயந்து நிறுத்த கை. தூரத்துக்குச் சுடுகிறவர்கள் கடையில் வாங்கிய துவக்கு ரவையை நம்பக்கூடாது, தாங்களே நிரப்ப வேண்டும் என்று கிழவர் அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எடுத்து, அடியில் நெருப்புப் பற்றவைக்கும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் பாய்ந்து போகிற குண்டான சன்னத்தை அழுத்திப் பொருத்துவது. அத்தானுக்கு அதற்குப் பொறுமை இல்லை. மருந்தை மேசையெல்லாம் கொட்டிவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அரிசி மூட்டைக்கும் சாமிப் படப் பெட்டிக்கும் நடுவில் மேசையைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை முழுக்க இருப்பேன். சன்னங்களை ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே பாரம் உள்ளவற்றைச் சோடி சேர்ப்பேன். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்து, தள்ளாடுவதைக் கழித்துவிடுவேன். அக்கா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தால் ஆறிப்போகும். என்னை யாராவது அப்போது பார்த்திருந்தால் கோயிலுக்கு மாலை கட்டுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

துவக்குச் சாமான் விற்கும் கடைக்கு நானும் கிழவருமாகப் போனோம். அவர் எடுத்துக் கொடுத்த பெட்டியில் நுனியில் ஈயம் தெரிகிற சன்னங்கள் இருந்தன. மானின் உடம்புக்குள் போனதும் அந்த ஈயம் விரிந்து, மான் நின்ற இடத்திலேயே விழும் என்றார். எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஈய நுனி பெட்டிக்குள்ளேயே நசுங்கியிருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. பக்கத்தில் இன்னொரு பெட்டி. நீளமாய், மெலிந்து, வால் ஒடுங்கி, நுனியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரத்தோடு, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. கிழவர் அதைக் காட்டி, அது கடதாசிக்கு, குறி பார்த்துப் பழகுகிறவர்களுக்கு என்றார். எனக்குக் காது கேட்டது. விளங்கவும் விளங்கியது. ஆனாலும் அடுத்த கிழமை தனியாகப் போய் அதில் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். நுனியில் துவாரம் இருக்கிறதே, பட்டவுடன் கிழிந்து விரியாமல் எங்கே போகும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

சுட்டுப் பழகும் இடத்தில் ஈய நுனிச் சன்னம் கடதாசியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. என்னுடையது மூன்று துளை, ஒரு குவாட்டர் காசால் மூடலாம். அத்தான் அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அதற்குப் பிறகுதான் பங்குப் பட்டியல் பதினான்கு வீடானது.

நவம்பரில் கிழவரோடு வடக்கே போனோம். நான் சுடுகிறவன் இல்லை, கூடப் போனவன். ஐந்து நாளும் ஒரு மானும் கண்ணில் படவில்லை. அதற்கிடையில் வீட்டில் கந்தசஷ்டி தொடங்கி, அக்கா விரதம். அத்தான் மட்டும் பொழுதுபட்டால் ரெலிபோன் இருக்கும் பெற்றோல் நிலையத்துக்குப் போய்ப் பங்குக்காரருக்கு நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிவிட்டு வருவார். ஆறாம் நாள், கடைசி நாள், பின்னேரம். கிழவர் காட்டின் மற்றப் பக்கம் போயிருந்தார். மின்கம்பிக்காக மரம் வெட்டிய வெட்டையின் அந்தத் தலைப்பில் ஒரு மான் வந்து நின்றது. தூரம் நானூறு யார், ஆயிரத்து இருநூறு அடிக்குக் குறையாது. கிட்டப் போக முயற்சி செய்திருக்கலாம். போனால் ஓடிவிடும், ஓடினால் பதினான்கு வீட்டுக்கும் என்ன சொல்வது. அத்தான் துவக்கை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உந்தத் தூரத்துக்கு உன்ர வெடி போகுமோடா?"

"போகும் அத்தான்."

போனது. மான் ஒருமுறை முதுகை வளைத்துத் துள்ளிவிட்டு மரங்களுக்குள் ஓடியது. நின்ற இடத்தில் பனியில் நாலைந்து சொட்டு இரத்தம், அவ்வளவுதான். இருட்டும் வரை தேடினோம். படவில்லைப் போல என்று அத்தான் சொன்னார். பட்டது என்று எனக்குத் தெரியும். நான் நிரப்பிய ரவை பிசகாது என்ற கர்வம் அப்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

காலையில் காகங்கள் காட்டிக்கொடுத்தன. நாணல் ஓரத்தில் கிடந்தது. உயிர் இருந்தது. பின்னங்கால் இரண்டும் உறைந்த சேற்றில், முன்னங்காலால் எழும்பப் பார்த்துப் பார்த்து நிலத்தைக் கிண்டி வைத்திருந்தது. இரவு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறது. வாய் திறந்தபடி, ஆவி வந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கியது. கிழவர் என்னையும் அத்தானையும் விலக்கிவிட்டு, தன் துவக்கால் முடித்தார். அத்தான் கயிறு எடுக்க எங்கள் வான் வண்டிக்குப் போனார்.

கிழவர் வயிற்றைக் கீறியதும் வந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கடைசி விலாவுக்குப் பின்னால் பென்சில் அளவில் ஒரு துவாரம். மற்றப் பக்கமும் அதே பென்சில் அளவு. சன்னம் விரியவே இல்லை. கடதாசியைத் துளைத்த மாதிரி மானைத் துளைத்துவிட்டுத் தன் பாட்டில் போயிருந்தது. உள்ளே குடல் பிய்ந்து ஊறிக் கிடந்ததை அவர் வழித்து எறிந்தார். பிறகு கையை நீட்டி ஒரு ரவை கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நுனியைப் பார்த்தார். என் உள்ளங்கையில் திரும்ப வைத்து, என் விரல்களைத் தானே மடக்கிவிட்டார். கடையில் சொன்னேன் அல்லவா என்று மட்டும் கேட்டார். பிறகு கத்தியைப் பனியில் துடைக்கப் போனார். என் மீது எனக்கு அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை.

பங்குக்காரர் எல்லோரும் விரதக்காரர். பாரணை முடியட்டும், அதுவரை பிரீசரில் வைத்திருங்கள் என்றார்கள். அந்த நாட்களில் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் வந்தேன். நெற்றி நிறைய விபூதி. அது கடதாசிக்கான சன்னம், கிழவர் சொல்லியும் நான்தான் வாங்கினேன் என்று அத்தானிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கடதாசியைக் கழற்ற வேண்டுமே என்றுதான் விழுங்கினேன்.

அடுத்த ஞாயிறு பைகளைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு. எங்கள் கறித்தூளுக்கு முன்னால் எந்த நாற்றமும் நிற்காது. எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அத்தான் நடுக் கதிரையில் இருந்தார். தூரம் நானூறு யாரிலிருந்து ஐந்நூறாகியிருந்தது.

"கடைவழிய வாற வெடியெண்டால் பாதி இறைச்சி சிதறிப் போயிருக்கும்," என்றார் அத்தான், என் முதுகில் தட்டி. "இவன்ர வெடியைப் பாருங்கோ. சின்ன ஓட்டை. ஒரு துண்டும் பழுதில்லை. வாற வருசமும் உந்தச் சன்னம்தான், என்னடா?"

பதினான்கு வீட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. வாயில் இருந்த துண்டை மென்று விழுங்கிவிட்டு, ஓம் என்றேன்.