கிள்ளானில் ஓடும் இருபத்தெட்டாவது பகுதி

பதினாறு பகுதிகளோடு முடிந்துபோன கொரிய நாடகம் ஒன்று, கிள்ளானில் மட்டும் இருபத்தேழாவது பகுதி வரை வந்துவிட்டதாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சு. பரப்பியவர் கைப்பேசி உறை விற்கும் குரு.

"பாஸ், சத்தியமா சொல்றேன். ஹீரோவோட அம்மா இப்ப பால்குடம் எடுக்குது."

"கொரியாக்கார அம்மாவா?"

"ஆமா லா. பத்துமலையில. எங்க அத்தை காதால கேட்டிருக்கு."

காதால் கேட்டிருக்கிறார், கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லை. குரு இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டு, அந்த நாடகத்தின் பதினாறு பகுதிகளையும் பார்த்து முடித்தேன். வீட்டில் இதை ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். சோயா சாஸ் ஆலை முதலாளியின் ஒரே மகன், மீன் உருண்டைக் கடை வைத்திருக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். பையனின் தாய் அந்தப் பெண்ணிடம் வெள்ளை உறையில் பணம் நீட்டுகிறார். அவள் மறுத்ததும் முகத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரை ஊற்றுகிறார். பையனுக்கு இரண்டு முறை நினைவு தப்புகிறது. கடைசிப் பகுதியில் அவன் சாலையைக் கடக்கும்போது லோரி அடித்துச் செத்துப்போகிறான். பனி கொட்டுகிறது. முடிந்தது. பத்துமலையும் இல்லை, பால்குடமும் இல்லை.

ஆக, வெள்ளிக்கிழமை விடியற்காலை கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

குருவின் அத்தை வாரம் மூன்று நாள் போகும் டயாலிசிஸ் நிலையம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள், எலும்பு வரை இறங்கும் குளிர்சாதனம். அத்தைக்கு முதல் நாற்காலி. கதை பிறக்கும் இடம் மூன்றாம் நாற்காலி. அங்கே அமர்கிறவர் மாதவி, ஐம்பத்தெட்டு வயது. ஷா ஆலாமில் வானொலிப் பெட்டி செய்யும் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். சிறுநீரகம் கைவிட்ட பிறகு முழுநேரமாக நாடகம் பார்க்கிறார்.

இடக்கையில் இரண்டு ஊசிகள். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஆகவே கதை முழுவதையும் வலக்கை ஒன்றே நடத்துகிறது. காதலன், காதலி, மாமியார், மழை, குடை எல்லாம் அதுதான். ஆத்திரமான காட்சி வந்தால் மட்டும் இடக்கை தன்னையறியாமல் எழும்பும். உடனே இயந்திரம் பீப் பீப் என்று அலறும். தாதி விஷ்ணுப்ரியா ஓடி வருவார்.

"ஆன்டி, கை! கைய மடக்காதீங்கன்னு எத்தன தடவ!"

"பாத்தியா மிஸ்ஸி, மிசினுக்கே கோவம் வருது. உனக்கு வரல."

கொரியப் பெயர்கள் மாதவியின் நாக்கில் தங்குவதில்லை. பையன் 'சோயா சாஸ்'. பெண் 'மீன் உருண்டை'. பையனின் தாய்க்கு அவர் டத்தோ மனைவிமாருக்கு உரிய பட்டமே கொடுத்துவிட்டார்: 'டத்தின்'. மன்னர் கொடுக்கவில்லை என்பதைத் தவிர அதில் எந்தக் குறையும் இல்லை. கைப்பை, நடை, வேலைக்காரியைக் கூப்பிடும் குரல் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன.

மற்ற நாட்டு நாடகங்களைப் பற்றியும் மாதவிக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. "சீனாக்காரன் அறுவது எபிசோட் எடுப்பான். நாப்பதுல பறப்பாங்க, மிச்சத்துல டீ ஊத்துவாங்க." ஜப்பான்? "யாரும் பேச மாட்டாங்க. சன்னல பாத்துக்கிட்டே இருப்பாங்க. கரண்டு பில் வந்தன்னைக்கு எங்க வீட்டுக்காரரு உக்காந்திருப்பாரு, அந்த மாதிரி." தாய்லாந்து நாடகத்தில் மாமியார் செத்தாலும் வீட்டைவிட்டுப் போவதில்லையாம். கொரியாவிடம் ஒரே ஒரு குறை: "ஒரு கைய புடிக்க எட்டு எபிசோட் ஆவுது. என்னைப் பொண்ணு பாத்து, கட்டி, ரெண்டாவது புள்ள பொறக்கற வரைக்கும்கூட அவ்ளோ இழுக்கல."

முகத்தில் தண்ணீர் ஊற்றும் காட்சியை அவர் சொன்ன அன்று, வரிசையில் ஒருவரும் அந்தப் பெண்ணுக்காக வருந்தவில்லையாம். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆறு நாற்காலியிலிருந்தும் ஒரே பெருமூச்சு. "முழு கிளாஸ்! ஐஸ் போட்டது!" என்று அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம்.

நான்காம் நாற்காலியில் நாகையா. அறுபத்தாறு வயது. துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்கு முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர். கதை கேட்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்கு என்னா கதை. காது சும்மாதான கெடக்குது." ஆனால் எந்த நாடகத்தில் லோரி வந்தாலும் இந்த மனிதருக்கு மூக்கு சிவந்துவிடும்.

"எந்த லோரிக்காரன்மா ஹார்ன் அடிக்காம வருவான்? ரோட்டு நடுவுல ஒருத்தன் நின்னு அழுவறான். லைட் அடிச்சுக்கிட்டே வந்து ஏத்திப்புட்டுப் போறான். பிரேக்கு எதுக்கு வச்சிருக்கான், துணி காயப் போடவா?"

இந்த நாகையா இரண்டு மாதத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு முறை வராமல் இருந்துவிட்டார். மூன்றாம் முறை கால் இரண்டும் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்சில்தான் போனார். திரும்பி வந்தும் நான்கு மணி நேரம் முழுதாக உட்காருவதில்லை. மூன்றரை ஆனதும் "மிஸ்ஸி, புடுங்கு" என்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்தக் கொரியாக் கதை முடியட்டும். நானும் இதோட நிறுத்திக்கறேன்." அந்த நாற்காலியை நிறுத்துவது என்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. மற்றவர்கள் சிரித்து வைத்தார்கள். மாதவி சிரிக்கவில்லை. முந்தின நாள் மாலைதான் அவர் பதினாறாவதைப் பார்த்து முடித்திருந்தார்.

இதையெல்லாம் மாதவி என்னிடம் சொன்னது, எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில், நாகையாவை ஏற்றி வரும் வேன் வருவதற்கு முன்.

"லோரி வருது சார். அந்தப் பையன் ரோட்டுல நிக்கிறான். என் வாயில 'செத்துட்டான்'னு வந்துருச்சு. நாகையா அண்ணன் மொகத்தப் பாத்தேன். அப்படியே முழுங்கிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"லோரிக்காரன் ஹார்ன் அடிச்சான்னேன். பிரேக்கு போட்டான்னேன். ஒரு சாண் தள்ளி நின்னுச்சுன்னேன்."

நான்காம் நாற்காலியிலிருந்து அன்று ஒரு கைதட்டல் வந்ததாம். ஒரு கையால் தொடையில் தட்டியது.

அங்கிருந்து கதை மாதவியின் கைக்கு வந்துவிட்டது. ஹார்ன் அடித்த லோரிக்காரர் பதினேழாவது பகுதியில் வண்டியைவிட்டு இறங்கினார். பதினெட்டில் அவருக்கு ஒரு மருமகள் வந்தாள், சோற்றைப் பரிமாறாமல் தட்டோடு மாமனார் முன் தூக்கிப் போடுகிறவள். இருபதில் சோயா சாஸுக்கு ஏற்றுமதி ஆர்டர் கிடைத்து, எல்லோரும் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினார்கள். இருபத்து மூன்றில் டத்தின் வெந்தயக் குழம்பு சாப்பிட்டு மனம் மாறத் தொடங்கினார். மகன் உயிர் பிழைத்ததற்காக இருபத்தேழில் பால்குடம். பேச்சு பிரிக்பீல்ட்ஸ் வரை வந்தது இந்த இடத்தில்தான்.

மாதவிக்குத் தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. கதையின் உச்சத்தை மூன்றரை மணி நேரம் தாண்டும் வரை அவிழ்க்க மாட்டார். வெள்ளிக்கிழமை முடிச்சு மற்ற நாள்களைவிட இரண்டு மடங்கு இறுக்கமாக இருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் தண்ணீர் ஏறும், மனம் மாறும். "புதன்கிழமைக்குச் சின்னத் தொங்கல் போதும் சார். திங்கட்கிழமைக்குத்தான் பெருசு வேணும்." போகிற போக்கில் என் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டு எச்சரித்தார்: "பேப்பர்காரரு. அண்ணன்கிட்ட வாயத் தொறந்துறாதீங்க. பதினாறுலயே முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, மனுசன் வேன்லயே ஏற மாட்டாரு."

ஏழு மணிக்கு நாகையா வந்தார். மனம் மாறுவதற்குள் விஷ்ணுப்ரியா அவருக்குத்தான் முதலில் ஊசி போட்டார். அது அந்த நிலையத்தின் எழுதாத விதி.

அன்றைய பகுதி மெதுவாகத்தான் நகர்ந்தது. டத்தின் பத்துமலையிலிருந்து இறங்குகிறார். காலில் கொப்புளம். டாக்சி நிற்கவில்லை. ஒரு லோரி நிற்கிறது.

"அங்க லோரிய நிறுத்த விட மாட்டான். சம்மன் போடுவான்" என்றார் நாகையா.

"கொரியா லோரிண்ணே. ஸ்டேரிங்கு அந்தப் பக்கம் இருக்குது. போலீசுக்குச் சம்மன எந்தப் பக்கம் ஒட்டறதுன்னு தெரியல."

டத்தின் ஏறுகிறார். லோரி வடக்கே போகிறது. தாப்பாவில் நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். டத்தினுக்கு வாழை இலையை எப்படி மடிப்பது என்று தெரியவில்லை. லோரிக்காரர் மடித்துக் காட்டுகிறார். மாதவியின் வலக்கை காற்றில் ஒரு இலையைப் பக்குவமாக மடித்தது.

மணி பத்தரை. நாகையா தலையைத் தூக்கினார். "மிஸ்ஸி..."

"அப்ப பாத்து டத்தின் கைப்பையத் தொறந்தா" என்றார் மாதவி, அவசரமே இல்லாமல். "உள்ள இருந்து ஒரு வெள்ளைக் கவர எடுத்தா."

நாகையாவின் தலை திரும்பத் தலையணையில் சாய்ந்தது.

"எல்லாருக்கும் நீட்டுவாளே, அந்தக் கவரு. லோரிக்காரன் முன்னால வச்சா. 'என் மகன் உசுர நிறுத்துனீங்க, இத வாங்கிக்கணும்'னு சொல்றா."

"வாங்க மாட்டான்."

"நீங்க வாங்குவீங்கண்ணே" என்றார் முதல் நாற்காலி அத்தை.

"நான் வாங்குவேன். அவன் வாங்க மாட்டான்."

கவர் லோரிக்காரருக்கும் டத்தினுக்கும் நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் போய்ப் போய் வந்தது.

"காசு இல்லண்ணே. கவருக்குள்ள வேற இருக்குது. லோரிக்காரன் பிரிக்கிறான். பாக்குறான். திரும்பவும் மடிக்கிறான். டத்தினைப் பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்றான்..."

நான்காம் இயந்திரம் மணியடித்தது. நான்கு மணி நேரம் முழுதாக முடிந்துவிட்டது. விஷ்ணுப்ரியா ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நாகையா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்னா சொன்னான்?"

"மிச்சம் திங்கட்கிழமண்ணே. எனக்குத் தொண்ட வறண்டுபோச்சு."

"இன்னும் பத்து நிமிசம் கத பாக்கி நிக்குது. இப்படி நடுரோட்டுல விட்டுட்டுப் போனா என்னா அர்த்தம்?"

"நானா போறேன்? எனக்கு இன்னும் அர மணி நேரம் இருக்கு. நீங்கதான போறீங்க."

நாகையா எழுந்தார். எடை பார்த்தார். செருப்பை மாட்டினார். போகிறவர் திரும்பி வந்து, மூன்றாம் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் செருகியிருந்த மாதவியின் கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே! போன் செத்துரும்!"

"பாக்கியத் தீரு. வாங்கிக்க."

மின்தூக்கி வரை அவரோடு நடந்தேன். கதவு திறக்கும் நேரத்தில் அவரே பேசினார். "நீங்க பேப்பர்காரரா தம்பி? குருவோட அத்தை சொல்லுச்சு. ஒண்ணு சொல்றேன், மாதவிகிட்ட சொல்லாதீங்க. அந்த நாடகம் பதினாறுலயே முடிஞ்சுபோச்சு. எங்க பேத்தி போன்ல போட்டுக் காட்டுச்சு. பையன லோரிக்காரன் அடிச்சே கொன்னுட்டான். ஹார்ன்கூட அடிக்கல, பரதேசி."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

அவர் என்னை, பாதையை மறித்து நிறுத்திய வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கவருக்குள்ள என்னா இருந்துச்சுன்னு அதுல இல்லையே தம்பி."

கதவு மூடியது. இருவருக்கும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறேன். இருவர் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குருவின் அத்தை வாங்குகிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

விடைபெற உள்ளே போனேன். மாதவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கீழே வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வேன் கிளம்பிப் போனது.

"கவருக்குள்ள என்னங்க இருக்கு?" என்றேன்.

"எனக்கு என்னா சார் தெரியும்? இன்னும் ரெண்டு நாளு இருக்குதுல்ல."

வலக்கையால் கால்மாட்டில் கிடந்த பையை இழுத்து மடியில் வைத்தார். "அது அண்ணன்கிட்டயே இருக்கட்டும் சார். திருப்பிக் குடுக்கவாவது வருவாருல்ல" என்று துழாவினார். கடை அட்டைகூடப் பிரிக்காத புது சார்ஜர் ஒன்றை வெளியே எடுத்தார். இடக்கை அசையாமல் கிடக்க, அட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, என்னிடம் நீட்டி, சுவரைக் காட்டினார்.