கொக்கியில் ஏறிய நாத்தனார்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் 'கொக்கி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுகிறவள் என்பதால் வந்த பட்டம். முதலில் எடைமேடையில் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தாள். ஆள் பற்றாக்குறையான ஒரு மழைக்காலத்தில், "நான் ஏறிப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டு ஏணியில் ஏறினாள். அப்புறம் அந்த இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இரும்புக் குழாயோ சிமெண்ட் மூட்டையோ, பூனை தன் குட்டியைக் கவ்வி வைப்பதுபோல இறக்கி வைப்பாள்.

வீட்டில் இந்தப் புகழெல்லாம் செல்லாது. மாடியில் குடியிருந்த நாத்தனார், "மகாராணி வானத்துலேர்ந்து இறங்கிட்டாங்களா?" என்று கேட்காத மாலை இல்லை.

ஒருநாள் வந்த நிலநடுக்கத்தில் ஊர் பாதி சரிந்தது. ஆஸ்பத்திரிச் சுவர்கள் விரிசல் விட்டு, நோயாளிகளைக் கூடாரத்தில் போட்டார்கள். மாடிப்படியோடு விழுந்த நாத்தனாருக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டது. கட்டுப்போடலாம், ஆபரேஷன் பண்ண இடமில்லை என்று கைவிரித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் மருத்துவக் கப்பல் வந்தது. வெள்ளை வெளேரென்று, உள்ளே ஆபரேஷன் அறையும் எக்ஸ்ரேயும் வைத்துக்கொண்டு. ஆனால் கப்பல் அணைகிற மேடையின் விளிம்பு உடைந்து கிடந்ததால் ஒட்டி நிற்க முடியவில்லை. படகில் ஏற்றினால் அலை தூக்கிப்போடும். உடைந்த எலும்புக்கு அது ஆகாது. கிரேன் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

வெல்டிங்காரர் இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து, அதில் ஸ்ட்ரெச்சரைப் பிணைத்தார்.

"ஆளைத் தூக்கின பழக்கம் உண்டாம்மா?" என்று கப்பல் டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். முதல்ல மணல் மூட்டைய வைங்க. அதுமேல ஒரு டம்ளர் நிறைய தண்ணி வைங்க. சிந்துச்சுன்னா இந்தப் பேச்சே வேணாம்."

கூண்டு கப்பலில் இறங்கியபோது டம்ளர் தளும்பி, கொஞ்சம் சிந்தியிருந்தது.

"அது காத்து," என்றாள் கொக்கி அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்கள். இந்த முறை சிந்தவில்லை.

நோயாளிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். நாத்தனாரின் முறை வந்தது.

"இவ கையிலயா? என்னைத் தூக்கிட்டுப் போய்க் கூடாரத்துலயே போடுங்க."

அவள் தம்பி, அதாவது கொக்கி அக்காவின் புருஷன், கெஞ்சிப் பார்த்தும் மசியவில்லை. கொக்கி அக்கா ஏணியிறங்கி வந்து ஸ்ட்ரெச்சர் அருகே குந்தினாள்.

"அண்ணி, உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு, இல்லங்கல. அதை மேல ஏத்திட்டுப் போறதில்ல நான்."

நாத்தனார் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரமாகும்?"

"நீங்க என்னை ரெண்டு திட்டு திட்டி முடிக்கிறதுக்குள்ள."

மேலே போய் உட்கார்ந்ததும் கொக்கி அக்கா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கீழே நின்றவரின் கையசைவை மட்டும் பார்த்து நெம்புகோலை நகர்த்தினாள். கூண்டிலிருந்து வசவு காற்றில் மிதந்து வந்தது. மூன்றாவது வசவுக்கு வாயெடுக்கையில் கப்பலின் நர்ஸ், "வந்தாச்சும்மா," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த அன்று மாலை, கடைசி ஆளாக நாத்தனார் திரும்பினாள். இந்த முறை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், உடன் வந்த ஊழியரின் வாக்கிடாக்கியை வாங்கினாள்.

"ஏம்மா, கொஞ்சம் நிறுத்து."

கொக்கி அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னாச்சு அண்ணி? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. இவ்ளோ அழகையும் தினம் நீ ஒருத்தியே பாத்துட்டு, வீட்ல ஒரு வார்த்தை சொன்னதில்ல பாரு."

கீழே கடல் தகதகவென்று கிடந்தது. கூடாரங்களுக்கு நடுவே புதுத் தகரக் கூரைகள் ஒன்றிரண்டு மின்னின.

"இறக்கட்டுமா அண்ணி?"

"இருடி, என்ன அவசரம்? அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பு."

கொக்கி அக்கா சிரித்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினாள்.